காலுக்கு இறங்கும் இடுப்பு வலி: மெத்தையும் பெல்ட்டும் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு 47 வயது. ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். இரண்டு வாரமாக இடுப்பில் தொடங்கி இடது தொடை வழியாகக் கணுக்கால் வரை சுரீரென்று இழுக்கிறது. டாக்டர் சியாட்டிகா என்றார். மெத்தைக் கடையில் 28,000 ரூபாய்க்கு ஒரு ஆர்த்தோ மெத்தையைக் காட்டி, இதில் படுத்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். இடுப்பு பெல்ட்டும் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். சியாட்டிக் நரம்பு நம் உடம்பிலேயே தடிமனான நரம்பு. கீழ் முதுகிலிருந்து கிளம்பிப் பிட்டம் வழியாகக் காலுக்கு இறங்குகிறது. முதுகெலும்புகளுக்கு நடுவிலுள்ள ஜவ்வு பிதுங்கி அந்த நரம்பின் வேரை அழுத்துவதுதான் பெரும்பாலும் காரணம். அதனால்தான் கோளாறு இடுப்பில் இருக்க, வலி காலில் தெரிகிறது. பலருக்கு 6 முதல் 12 வாரத்துக்குள் இது தானாகவே தணிந்துவிடும். அந்தச் சமயத்தில் எதை வாங்கியிருந்தாலும் அதுதான் குணப்படுத்தியது என்று தோன்றும். விற்பவருக்கு இதைவிட நல்ல விளம்பரம் வேறில்லை.

முதுகு வலிக்குக் கட்டாந்தரை மாதிரி கெட்டியான படுக்கைதான் நல்லது என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேரை வைத்து ஸ்பெயினில் நடந்த ஆய்வு 2003இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. அதில் மிகக் கெட்டியான மெத்தையைவிட நடுத்தரக் கெட்டி மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி அதிகம் குறைந்தது. இது சியாட்டிகாவுக்கென்றே நடந்த ஆய்வு அல்ல. ஆனாலும் 'ஆர்த்தோ' என்ற பெயருக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை என்பது என் முடிவு. உங்கள் பழைய மெத்தை நடுவில் குழிந்திருந்தால் மட்டும் மாற்றுங்கள். இல்லையென்றால் ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை வைத்துப் பாருங்கள்.

பெல்ட் நரம்பின் அழுத்தத்தை எடுக்காது. டாக்டர் சொன்னால், சொன்ன நாள் வரை மட்டும் போடுங்கள். அந்தப் பணத்தைப் பிசியோதெரபிஸ்டிடம் கொடுத்து, உங்களுக்கு ஏற்ற பயிற்சிகளைக் கற்றுக்கொள்வது எவ்வளவோ மேல். நாள் முழுக்கப் படுத்தே கிடக்காதீர்கள். தாங்குகிற அளவுக்கு நடங்கள். கடையில் உட்காரும்போது இடுப்புக்குப் பின்னால் ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள். பாதம் தரையில் படியட்டும், அரைமணிக்கு ஒருமுறை எழுந்திருங்கள். பின்பாக்கெட்டில் தடித்த பர்ஸை வைத்துக்கொண்டு உட்கார வேண்டாம். துணி மூட்டையை முழங்காலை மடக்கி, உடம்போடு ஒட்டித் தூக்குங்கள். வலி போன பிறகும் இவற்றை விடக்கூடாது, ஏனென்றால் இந்த வலி திரும்பி வரக்கூடியது.

எம்ஆர்ஐ பேக்கேஜ் என்று யாராவது அழைத்தாலும் அவசரப்படாதீர்கள். வலியே இல்லாதவர்களுக்கும் ஸ்கேனில் ஜவ்வுப் பிதுக்கம் தெரிவது சகஜம். ஆனால் சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டை மீறினால், சிறுநீர் வராமல் அடைத்தால், இரண்டு தொடைகளுக்கும் இடையே, பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றியுள்ள இடம் மரத்துப்போனால், அல்லது பாதத்தைத் தூக்க முடியாமல் போனால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: போன வருடம் வாங்கிய மெத்தை இப்போதே நடுவில் பள்ளமாகிவிட்டது. கடைக்காரர் வாரண்டியில் வராது என்கிறார். என்ன செய்வது?

பதில்: வாரண்டி அட்டையைப் படியுங்கள். எவ்வளவு ஆழம் இறங்கினால் குறை என்று பெரும்பாலும் அதில் எழுதியிருக்கும். மெத்தையின் குறுக்கே நேரான கட்டையை வைத்து, பள்ளத்தை ஸ்கேலால் அளந்து போட்டோ எடுங்கள். அதை பில்லோடு சேர்த்துக் கடைக்கும் கம்பெனிக்கும் எழுத்தில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதியலாம், அதற்குக் கட்டணம் இல்லை. அடுத்த முறை மெத்தை வாங்கும்போது, பிடிக்காவிட்டால் எத்தனை நாளுக்குள் திருப்பலாம் என்பதையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள் திரும்பப் பெறக் கடைக்காரர் மறுக்க முடியாது என்பது குறையுள்ள பொருளுக்குத்தான். படுத்தால் சுகமாக இல்லை என்பது அந்தக் கணக்கில் வராது.