உதவி வாங்க வருகிறவர் போட்டோவுக்கு ஏன் நிற்க வேண்டும்?

கேள்வி: எங்கள் சபையில் அக்கம்பக்கத்து ஏழைக் குடும்பங்களுக்கு உதவ ஒரு தன்னார்வக் குழு இருக்கிறது. பொறுப்பு என் தலையில். பண்டிகை சமயத்தில் வரிசையில் நிற்கவைத்துப் பொருட்கள் கொடுப்போம், போட்டோ எடுப்போம், சபை வாட்ஸ்அப் குழுவில் போடுவோம். போன முறை உதவி பெற்ற ஒரு பெண்மணியின் படம் எப்படியோ அவருடைய மகனின் வகுப்புப் பிள்ளைகள் கைக்குப் போய்விட்டது. என்னிடம் வந்து அழுதுவிட்டுப் போனவர், அப்புறம் வரவேயில்லை. இனிமேல் படம் வேண்டாம் என்று சொன்னேன். படம் இல்லாவிட்டால் பணம் கொடுப்பவர்கள் எப்படி நம்புவார்கள் என்கிறார் போதகர். ஆராதனைக்கே வராதவர்களுக்கு நாம் ஏன் கொடுக்க வேண்டும் என்று மூத்தவர்கள் சிலர் கேட்கிறார்கள். வந்தவர்களே திரும்பத் திரும்ப வருகிறார்கள், பாதிப் பேர் ஏமாற்றுகிறார்கள் என்று இன்னொரு புகார். ஆரம்பத்தில் ஆர்வமாக வந்த இளைஞர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். விட்டுவிடலாமா என்று இருக்கிறது. என்ன செய்வது?
— ஒரு வாசகி

பதில்: அன்புச் சகோதரி, மற்றதெல்லாம் இருக்கட்டும், அந்தப் படத்தை இன்றே எடுத்துவிடுங்கள். குழுவிலிருந்து நீக்கினால் மட்டும் போதாது, யார் யார் போனில் இறங்கியிருக்கிறதோ அவர்களும் அழிக்க வேண்டும், வேறு எங்காவது போட்டிருந்தால் அங்கேயும் எடுக்க வேண்டும். அப்புறம் நீங்களும் குழுவில் இருக்கும் இன்னொரு பெண்ணுமாக அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேளுங்கள். போகும்போது பை எதுவும் கொண்டுபோகாதீர்கள். பையோடு போனால் மன்னிப்பும் ஒரு விநியோகம் ஆகிவிடும், அவரும் வேறு வழியில்லாமல் "பரவாயில்லைங்க" என்று சொல்லித்தான் தீர வேண்டும்.

உங்கள் கடிதத்தில் நாலைந்து சண்டை இருக்கிறது, ஆனால் பெரும்பாலும் அது ஒரே சண்டைதான் என்று எனக்குப் படுகிறது. இலவசம் என்று சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, வருகிறவரிடம் ஏதாவது ஒன்றை வசூலித்துக்கொண்டிருக்கிறோம். ஒருவர் அவருடைய முகத்தைக் கேட்கிறார், இன்னொருவர் ஆராதனையில் ஆள் கணக்குக்கு அவரைக் கேட்கிறார், மூன்றாமவர் "நான் நிஜமாகவே இல்லாதவள்தான்" என்று பத்துப் பேர் முன்னால் நிரூபித்துக் காட்டச் சொல்கிறார். கையில் காசு இல்லாதவர்களிடம் கடைசியாக மிச்சமிருப்பது மானம். அதையும் வாங்கிக்கொண்டு பொருளைக் கொடுத்தால் அதற்குப் பேர் உதவியா?

ஆனால் உங்கள் போதகரை நான் குறை சொல்ல மாட்டேன். பணம் கைமாறும் இடத்தில் சந்தேகம் வரத்தான் செய்யும், ஆதித் திருச்சபைத் தலைவரான பவுலுக்கே அந்தப் பயம் இருந்தது. எருசலேமில் இருந்த ஏழைகளுக்காகக் காணிக்கை சேர்த்துக் கொண்டுபோனபோது, யாரும் குற்றம் சொல்லிவிடக் கூடாது என்று சபைகளே தேர்ந்தெடுத்த ஆளையும் கூட அனுப்பினார், 2 கொரிந்தியர் 8-ல் அதை வெளிப்படையாகவே எழுதுகிறார். தேவன் பார்த்தால் போதும் என்று விட்டுவிடவில்லை, மனிதர்கள் முன்பும் சரியாக இருக்க வேண்டும் என்றார். ஆக, நம்பிக்கைக்கு அவர் கொடுத்தது ஆளும் கணக்கும், வாங்கியவர்களின் முகத்தை அல்ல. நீங்களும் அதையே செய்யலாம். எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது, எத்தனை குடும்பங்களுக்குப் போனது, கையில் மிச்சம் எவ்வளவு என்று மாதாமாதம் ஒரு தாளில் எழுதி, இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். பில்களைக் கோப்பில் வையுங்கள், கேட்கிறவர்களுக்குக் காட்டுங்கள். அப்படியும் நம்பாத நன்கொடையாளர் இருந்தால் ஒருநாள் வந்து மூட்டை தூக்கட்டும், அதைவிட நல்ல தணிக்கை கிடையாது. படம் வேண்டவே வேண்டும் என்றால் அடுக்கிவைத்த பொருட்களை எடுங்கள், பொட்டலம் கட்டும் உங்கள் ஆட்களை அவர்கள் சம்மதத்தோடு எடுங்கள். வாங்க வந்தவரிடம் சம்மதம் கேட்பதைப் பற்றி மட்டும் பேச வேண்டாம், பை உங்கள் கையில் இருக்கும்போது அவர் வேண்டாம் என்று எப்படிச் சொல்வார்? தர்மம் செய்யும்போது தாரை ஊதாதே என்று மத்தேயு 6-ல் இருக்கிறது. இந்தக் காலத்துச் செல்போன் அந்தத் தாரையைவிடத் தூரம் கேட்கும்.

அடுத்து அந்த வரிசை. லேவியராகமம் 19-ல் ஒரு ஏற்பாடு வருகிறது. அறுவடையின்போது வயலின் ஓரத்தை முழுக்க அறுக்காதே, சிந்தின கதிரைப் பொறுக்காதே, அது எளியவனுக்கும் பரதேசிக்கும், அதாவது வேறு தேசத்திலிருந்து வந்தவனுக்கும். கவனித்துப் பாருங்கள், நிலத்துக்காரர் கதிரைக் கட்டி, பேர் சொல்லிக் கூப்பிட்டு, கையில் கொடுக்கவில்லை. வேண்டியவர்கள் தாங்களே வந்து, தங்கள் கையால் சேர்த்துக்கொண்டு போனார்கள். ரூத் என்ற ஏழை விதவை கதிர் பொறுக்க வரும் கதையில், நிலத்துக்காரரான போவாஸ் ஒரு படி மேலே போகிறார். அவளுக்காகவென்றே கொஞ்சம் சிந்திவிடுங்கள், அவளை அதட்டாதீர்கள் என்று வேலைக்காரர்களிடம் சொல்லிவைக்கிறார். இது உங்களுக்காக விட்டது என்று அவளிடம் யாரும் போய்ச் சொன்னதாக அங்கே இல்லை. எனக்கு வேதாகமத்தில் ரொம்பப் பிடித்த இடங்களில் அது ஒன்று, பிரசங்கத்தில் எல்லாரும் போவாஸின் கல்யாணத்துக்கு ஓடிவிடுகிறார்கள்.

இதை இன்றைக்கு எப்படிச் செய்வது? எல்லாருக்கும் ஒரே மாதிரிப் பொட்டலம் கட்டுவதை நிறுத்திவிட்டு, பொருட்களை மேசையில் பரப்பி, இத்தனை எடுத்துக்கொள்ளலாம் என்று அளவு மட்டும் சொல்லி, அவர்களையே எடுக்க விடுங்கள். கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு வேண்டியது வேறு, சர்க்கரை நோய்க்காரர் இருக்கிற வீட்டுக்கு வேண்டியது வேறு. நீங்கள் மண்டையை உடைத்துக்கொண்டு யோசிப்பதைவிட அவர்களுக்கே தெரியும், வீணாவதும் குறையும். ஒரே நேரத்தில் எல்லாரையும் வரச்சொல்லாமல் நேரம் பிரித்துக் கொடுத்தால் வரிசையே இருக்காது. வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலை நேரம் கொடுங்கள், அரை நாள் கூலியை விட்டுவிட்டு உங்கள் பையை வாங்க வரச்சொல்வது நியாயமில்லை. பையில் சபை பேர் வேண்டாம். நடமாட முடியாதவர்களுக்கு வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கும்போது சபை வண்டியை வாசலில் நிறுத்தித் தெருவுக்கே அறிவிக்காதீர்கள், கொஞ்சம் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து போகலாம். கிழிந்த துணி, தேதி முடிந்த டப்பா இதெல்லாம் வந்தால் தயங்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கொடுத்தவருக்குக் கோபம் வரும், வரட்டும்.

ஆராதனைக்கு வராதவர்கள் விஷயத்தில் மூத்தவர்களுக்கு ஒரு பழைய கதை சொல்லுங்கள். நாலாம் நூற்றாண்டில் ஜூலியன் என்று ஒரு ரோமப் பேரரசன், கிறிஸ்தவத்தை விட்டு விலகி, பழைய தெய்வ வழிபாட்டைத் திரும்பக் கொண்டுவரப் பாடுபட்டவன். அவன் தன் பூசாரி ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் புலம்புகிறான்: இந்தக் கலிலேயர்கள் (கிறிஸ்தவர்களை அவன் அப்படித்தான் அழைப்பான்) தங்கள் ஏழைகளை மட்டுமா பார்த்துக்கொள்கிறார்கள், நம் ஏழைகளையும் சேர்த்தல்லவா பார்த்துக்கொள்கிறார்கள், நமக்கு இது வெட்கக்கேடு என்கிற பொருளில். எதிரி வாயிலிருந்து இப்படி ஒரு பேர் வாங்கியிருக்கிறது திருச்சபை. அதை ஒரு வருகைப் பதிவேட்டுக்காக விட்டுக்கொடுக்கப் போகிறார்களா என்று கேளுங்கள்.

ஜெபம் செய்யக் கூடாது என்று நான் சொல்லவில்லை. முதலில் பொருளைக் கொடுத்துவிடுங்கள், அது அவர் கைக்குப் போன பிறகு "உங்களுக்காக ஜெபிக்கலாமா?" என்று கேளுங்கள், வேண்டாம் என்றால் சிரித்த முகத்தோடு வந்துவிடுங்கள். ஜெபம் முதலில், பொருள் பிறகு என்று மாறினால் அது கட்டணம்தான். இன்னொன்றும் சொல்ல வேண்டும், கொஞ்சம் கசப்பாக இருக்கும். ஒரு வீட்டில் பார்த்ததை, கேட்டதை ஜெபக் குறிப்பு என்ற பேரில் சபை முழுக்கச் சொல்லும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. புருஷன் குடிக்கிறான், பிள்ளை ஜெயிலில் இருக்கிறான், எல்லாம் "ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று முடியும். உங்கள் குழுவில் அதற்குக் கண்டிப்பாகத் தடை போடுங்கள். இந்தப் பேச்சுக்குப் பயந்துதான் உங்கள் சபைக்குள்ளேயே, ஞாயிற்றுக்கிழமை சலவைச் சட்டையோடு வந்து உட்கார்ந்திருக்கும் ஒருவர், வீட்டு வாடகை பாக்கி என்று யாரிடமும் சொல்லாமல் இருப்பார்.

"வந்தவர்களே வருகிறார்கள்" என்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. வறுமை ஒரு மாதத்தில் தீர்ந்துபோவதா? நீங்கள் கேட்க வேண்டியது வராதவர்கள் யார் என்று. அப்போஸ்தலர் 6-ல் வந்த புகாரும் அதுதான்: எருசலேம் சபையின் அன்றாட விநியோகத்தில் கிரேக்கு மொழி பேசும் விதவைகள் விட்டுப்போகிறார்கள் என்று முறுமுறுப்பு எழுந்தது. அப்போது பொறுப்புக்குத் தேர்ந்தெடுத்த ஏழு பேரின் பேரையும் படித்துப் பாருங்கள், ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பேர். யாருடைய விதவைகள் விட்டுப்போனார்களோ அந்தப் பக்கத்து ஆட்களிடமே சாவியைக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் பலரும் இதைப் படிக்கிறார்கள், நானும் அப்படித்தான். உங்கள் குழுவில் உதவி வாங்குகிறவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்? ஒருவர்கூட இல்லை என்று நினைக்கிறேன். இரண்டு பேரைச் சேருங்கள். எந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஆள் இருக்கிறார், யார் கூச்சத்தில் வெளியே வருவதில்லை, யார் நிஜமாகவே இரண்டு பெயரில் வாங்குகிறார் என்பது அந்தத் தெருவில் இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

ஏமாற்றுகிறவர்கள் இருப்பார்கள், மறுக்கவில்லை. ஒரு குடும்பத்துக்கு மாதத்தில் இத்தனை முறை என்று விதி வையுங்கள், அட்டை கொடுங்கள், கேட்க வேண்டிய கேள்விகளைத் தனியே உட்காரவைத்து எல்லாரிடமும் ஒன்றுபோலக் கேளுங்கள். அதையும் தாண்டி ஒருவர் வாங்கிப் போனால் போகட்டும். அந்த ஒருவரைப் பிடிக்க மற்றவர்களைச் சந்தேகக் கண்ணோடு பார்ப்பதில் ஆகிற சேதம் அதிகம்.

இளைஞர்கள் கழன்றுகொண்டதற்கும் பண்டிகைக்கு மட்டும் மொத்தமாகக் கொட்டிக் கொடுப்பதற்கும் தொடர்பு இருக்கிறது. 1617-ல் பிரான்ஸில் ஷாத்தியோன் என்ற ஊரில் வின்சென்ட் தே பவுல் குருவாக இருந்தபோது, ஒரு குடும்பமே நோயில் கிடக்கிறது என்று பிரசங்கத்தில் சொன்னார். அன்றைக்கே ஊர் திரண்டு போய்க் கொட்டிவிட்டது. அவர் பார்த்தது என்னவென்றால், இன்றைக்கு வந்தது தேவைக்கு மேல், மிஞ்சியது கெட்டுப்போகும், நாளைக்கு மறுபடி ஒன்றும் இருக்காது. ஜனங்களிடம் இரக்கத்துக்குக் குறைவில்லை, ஒழுங்குதான் இல்லை. அதே வருஷம் பெண்களைக் கொண்டு ஒரு குழு அமைத்து, ஆளுக்கொரு நாள் முறைவைத்தார். உங்கள் இளைஞர்களுக்கும் முறை வையுங்கள், மாதத்தில் ஒரு நாள், இரண்டு மணி நேரம், அதற்கு மேல் கேட்காதீர்கள். மூட்டை தூக்கிப் போஸ் கொடுக்க மட்டும் கூப்பிட்டால் யார்தான் திரும்ப வருவார்கள்? ஒருவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, ஒரு விதவைக்கு உதவித்தொகைப் படிவம் நிரப்பிக் கொடுப்பது, ஒரு பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது, இப்படிப் பேர் சொல்லி வேலை கொடுங்கள். நிறைய வீடுகளில் ஒரு படிவமும் கூட வருகிற ஓர் ஆளும் பத்துப் பைக்குச் சமம். எங்கே போனாலும் இரண்டு பேராகப் போகட்டும், பிள்ளைகளோடு பெரியவர் யாரும் தனியே இருக்கக் கூடாது, தங்களால் முடியாததைச் செய்கிறேன் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. இந்த மூன்றையும் எழுதி ஒட்டிவிடுங்கள்.

விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது விட்டால் படம் எடுக்கிறவர்கள் கையில்தான் போகும், அதனால் இப்போது வேண்டாம். ஆனால் ஒருவரே சுமந்தால் யாராக இருந்தாலும் கசந்துபோகும். ஆறு மாதத்தில் பொறுப்பைக் கைமாற்றிவிடுகிறேன் என்று போதகரிடம் இன்றைக்கே சொல்லுங்கள், இரண்டு பேரைக் கூடவே வைத்துப் பழக்குங்கள், இடையில் ஒரு மாதம் முழுசாக ஓய்வெடுங்கள், அந்த மாதம் கொஞ்சம் குளறுபடி ஆனாலும் ஓடிவந்து சரிசெய்யாதீர்கள். ஏமாற்றுகிறார்கள் என்று அதிகம் பேசுகிற அந்த மூத்தவர் இருக்கிறாரே, அந்த மாதத்துச் சாவியை அவரிடமே கொடுத்துப் பாருங்களேன்.