தடுப்பூசி போட்ட குட்டிக்கும் ரத்தக் கழிச்சல்: மலத்தில் வைரஸைத் தேடுவதும் மரபணு முடிவைப் படிப்பதும்

கேள்வி: ஆட்டுக் கிடைக்குக் காவலாக நாய்கள் வளர்க்கிறோம். ஒரே ஈற்றுக் குட்டிகளில் மூன்றுக்கு 9ஆவது வாரத்தில் வாந்தியும் ரத்தக் கழிச்சலும் வந்து ஒன்று இறந்துவிட்டது. 7ஆவது வாரத்தில் ஒரு தடுப்பூசி போட்டிருந்தோம். கழிச்சல் தொடங்கி ஆறாம் நாள் விரைவுச் சோதனைக் கிட்டில் பார்த்தபோது பார்வோ (நாய்க்குட்டிகளின் குடலைத் தாக்கும் வைரஸ்) இல்லை என்று வந்தது. அதே மலத்தில் பி.சி.ஆர். (வைரஸின் மரபணுவைப் பெருக்கிக் கண்டறியும் சோதனை) செய்தபோது உண்டு என்றார்கள். இப்போது மரபணு வகை பார்க்க அனுப்பியிருக்கிறார்கள். எதை நம்புவது? தடுப்பூசியே நோயைக் கொடுத்துவிட்டதா? வைரஸ் வகை 2சி என்று வந்தால் வேறு ஊசி போட வேண்டுமா? ஆடுகளுக்குப் பரவுமா?

பதில்: ஆடுகளைப் பற்றிய கவலையை முதலில் விடுங்கள். நாய் பார்வோ ஆடு, மாடு, கோழிகளுக்கு நோய் தருவதில்லை. பண்ணையில் பூனை இருந்தால் அதற்குத் தொற்றலாம்; அதைத் தள்ளி வையுங்கள்.

கிட்டும் பி.சி.ஆரும் முரண்பட்டதில் வியப்பில்லை. இரண்டும் தேடுவது வெவ்வேறு பொருளை. கிட் தேடுவது வைரஸின் மேலுறைப் புரதத்தை. அதுவும் நிறைய இருந்தால்தான் கோடு விழும். தொற்றிய மூன்று நான்கு நாளில், கழிச்சல் தெரிவதற்கு முன்பே, வைரஸ் மலத்தில் வரத் தொடங்கி, நோய் முற்றும் நாட்களில் உச்சத்தைத் தொட்டு, பிறகு சரசரவென்று குறையும். அதே சமயம் குடலுக்குள் சுரக்கும் எதிர்ப்பொருள்கள் வைரஸை மூடிக்கொள்வதால், கிட்டில் உள்ள எதிர்ப்பொருளுக்குப் பிடிக்க இடமில்லாமல் போகும். ஆறாம் நாள் மலத்தில் 'இல்லை' என்று வந்ததற்கு இதுவே போதுமான காரணம். கிட் 'உண்டு' என்றால் பெரும்பாலும் நம்பலாம். 'இல்லை' என்றால் அதை வைத்து பார்வோவை ஒதுக்கிவிட முடியாது.

பி.சி.ஆரின் சிக்கல் நேர் எதிர்: அது அளவுக்கு மீறிக் கூர்மையானது. உயிருள்ள தடுப்பூசி வைரஸ் குட்டியின் குடலில் பெருகி, சில வாரம் வரைகூட மலத்தில் வெளிவரும். ஊசி போட்டு இரண்டு மூன்று வாரத்தில் எடுத்த மாதிரி என்பதால், கண்டது தடுப்பூசி வைரஸா வெளி வைரஸா என்று 'உண்டு' என்ற ஒரு சொல்லால் தெரியாது. ரியல் டைம் பி.சி.ஆர். செய்திருந்தால் சி.டி. மதிப்பை, அதாவது எத்தனையாவது பெருக்கச் சுற்றில் வைரஸ் தென்பட்டது என்ற எண்ணை, கேட்டு வாங்குங்கள். எண் குறையக் குறைய வைரஸ் அதிகம், ஏறத்தாழ 3.3 குறைந்தால் பத்து மடங்கு கூடுதல் என்று பொருள். நோய் உச்சத்தில் எடுத்த மலத்தில் எண் மிகவும் குறைவாக இருக்கும். 30ஐத் தாண்டினால் தடுப்பூசி எச்சமாகவும் இருக்கலாம், நோய் தணியும் கட்டமாகவும் இருக்கலாம். உங்கள் மாதிரி ஆறாம் நாள் எடுத்தது என்பதால், உயர்ந்த எண்ணை மட்டும் வைத்து வெளி வைரஸ் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. சிகிச்சையோ எந்த முடிவுக்கும் காத்திருக்கக் கூடாது. நீர்ச்சத்து இழப்பும் ரத்தத்தில் கலக்கும் குடல் பாக்டீரியாவும்தான் குட்டியைக் கொல்கின்றன. சிரை வழித் திரவம் அன்றே ஏற வேண்டும்.

அடுத்த முறை மாதிரியைக் கழிச்சல் தொடங்கிய முதல் மூன்று நாளுக்குள் எடுங்கள். தரையில் கிடப்பதை வாரிக் கொடுக்காதீர்கள்; மண்ணில் உள்ள மட்கு அமிலங்கள் பி.சி.ஆர். நொதியை முடக்கிவிடும். பிளாஸ்டிக் தண்டுள்ள செயற்கை இழைப் பஞ்சுக்குச்சியை மலக்குடலுக்குள் ஓரிரு சென்டிமீட்டர் விட்டுச் சுழற்றி, அதில் மலம் ஒட்டியிருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே எடுங்கள். மரக்குச்சி வேண்டாம், அதுவும் சோதனையைக் கெடுக்கும். மலம் கிடைத்தால் 1 முதல் 2 கிராம், திருகு மூடிக் குப்பியில். ஃபார்மலின் ஊற்றவே கூடாது, மரபணு துண்டு துண்டாகிவிடும். பனிக்கட்டிப் பெட்டியில் 4 டிகிரியில் ஓரிரு நாளில் ஆய்வகம் சேர வேண்டும். தாமதம் என்றால் -20 டிகிரியில் உறைய வைத்து, இடையில் உருக விடாமல் அனுப்ப வேண்டும். குட்டி இறந்துவிட்டால் சிறுகுடல் துண்டு, குடல் நிணநீர்க் கணு, நாக்கு ஆகியவற்றை மருத்துவர் எடுப்பார். திசு ஆய்வுக்கான துண்டு மட்டும் 10 சதவீத ஃபார்மலினில் போகும், வைரஸ் தேட வேண்டியது பச்சையாகப் பனியில் போகும். இரண்டையும் ஒரே குப்பியில் போட்டுக் கெடுப்பது அடிக்கடி நடக்கிறது. குட்டியின் வயது, கழிச்சல் தொடங்கிய தேதி, ஊசி போட்ட தேதி, ஊசிக் குப்பியின் பெயர், தொகுப்பு எண் இவை இல்லாத மாதிரியால் பாதிப் பயன்தான்.

ஆய்வகத்தில் மலத்தை உப்புக் கரைசலில் 10 சதவீதமாகக் கலக்கி, சுழற்றித் தெளிந்த நீரை எடுப்பார்கள். அதற்கென்றே உள்ள வேறு கிட் வழியாக டி.என்.ஏ பிரிக்கலாம், அல்லது எளிய முறையில் 10 நிமிடம் கொதிக்க வைத்து, பனியில் குளிர்வித்து, பத்தில் ஒன்றாக நீர்க்க வைக்கலாம். நீர்க்க வைப்பது வைரஸைக் குறைக்கத்தான் செய்யும், ஆனால் மலத்தில் உள்ள தடுப்புப் பொருட்களை அதைவிடப் பயனுள்ள வகையில் குறைக்கும். ஒவ்வொரு தொகுதியிலும் வெறும் நீர் வைத்த குழாய் ஒன்று ஓட வேண்டும். அதிலும் வைரஸ் உண்டு என்று காட்டும் பட்டை தெரிந்தால் அன்றைய முடிவுகள் அத்தனையும் குப்பை.

இனி வகை. 1978இல் உலகெங்கும் பரவிய மூல வைரஸ் வகை 2. சில ஆண்டுகளில் 2ஏ அதன் இடத்தைப் பிடித்தது. 1980களின் நடுவில் 2பி, 2000இல் இத்தாலியில் 2சி. சுமார் 5,200 எழுத்து (மரபணுவின் அடிப்படை அலகு) நீளமுள்ள ஒற்றை இழை டி.என்.ஏ வைரஸ் இது, ஆனாலும் ஆர்.என்.ஏ வைரஸ்களைப் போல விரைந்து மாறுகிறது. வகை பிரிப்பது வி.பி.2 உறைப்புரதத்தின் 426ஆம் அமினோ அமிலம்: 2ஏ-வில் அஸ்பராஜின், 2பி-யில் அஸ்பார்டிக் அமிலம், 2சி-யில் குளுட்டாமிக் அமிலம். பி.சி.ஆரில் பலரும் பயன்படுத்தும் 555 பிரைமர் இணை (பெருக்க வேண்டிய பகுதியின் இரு முனைகளைக் குறிக்கும் சிறு டி.என்.ஏ துண்டுகள்) 583 எழுத்துத் துண்டைத் தரும். அதில் டி.என்.ஏ-வை வெட்டும் எம்போ-2 நொதியை இட்டால் 2சி மட்டும் ஏறத்தாழ 500, 80 என இரண்டாக வெட்டுப்படும், மற்றவை வெட்டுப்படா.

இந்தத் துண்டில் இரண்டு பொறிகள் உண்டு. 426ஆம் இடம் துண்டின் தொடக்கத்துக்கு மிக அருகில், 60ஆம் எழுத்தையொட்டி இருக்கிறது. எழுத்துகளை வரிசையாகப் படிக்கும் சாங்கர் முறையில் தொடக்கப் பகுதி தெளிவாக வராது. எனவே பின்திசையிலிருந்தும் படித்தாக வேண்டும். இரண்டாவது பொறிதான் உங்களுக்கு முக்கியம். மூல வகை 2 தடுப்பூசியிலும் 426இல் அஸ்பராஜின்தான், 2ஏ-விலும் அதுவேதான். 426ஐ மட்டும் பார்த்தால் தடுப்பூசி வைரஸை '2ஏ' என்று எழுதிவிட நேரும். பிரித்துக்காட்டுவது 300ஆம் இடம்: மூல வகையில் அலனின், 2ஏ முதல் கிளைசின். அது 583 துண்டுக்குள் வராது. 297 முதல் 426 வரை அடங்கும் 630 எழுத்துத் துண்டையோ, 1,755 எழுத்துள்ள முழு வி.பி.2 மரபணுவையோ படிக்கச் சொல்லுங்கள். போட்டது 2பி தடுப்பூசி என்றால் முழு மரபணுவை அந்த ஊசியின் வரிசையோடு ஒப்பிட்டால்தான் தெளிவு. சாங்கர் முறை தரும் வரைபடத்தில் ஒரே எழுத்தில் இரட்டை முகடு வந்தால் இரைச்சல் என்று தள்ளாதீர்கள். தடுப்பூசி வைரஸும் வெளி வைரஸும் ஒன்றாக இருக்கலாம்.

தடுப்பூசி வைரஸே இப்படிக் கடும் ரத்தக் கழிச்சலைத் தருவது மிக அரிது. இரண்டு குட்டிகளுக்கு மேல் ஒன்றாக விழுந்திருப்பதால் வெளி வைரஸையே நான் சந்தேகிப்பேன். 2சி என்று வந்தாலும் சிகிச்சை மாறாது. இப்போதைய ஊசிகள் எல்லா வகைக்கும் குறுக்குப் பாதுகாப்பு தருகின்றன. ஊசி தோற்பதற்குப் பெரும்பாலும் காரணம் சீம்பால் வழி வந்த எதிர்ப்பொருள்: ஊசி வைரஸை அழிக்கும் அளவுக்கு இருக்கும், தெருவிலிருந்து வரும் வைரஸைத் தடுக்கும் அளவுக்கு இருக்காது. 7ஆவது வாரத்து ஒற்றை ஊசி இந்த இடைவெளியில் விழுந்திருக்கும். அடுத்த ஈற்றுக்கு 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில், கடைசி ஊசி 16 வாரத்திலோ அதற்குப் பிறகோ வரும்படி போடுங்கள். பிறகு ஆறு மாத வயதில் இன்னொன்று.

பார்வோ ஒன்றையே பார்த்துவிட்டு நிற்கவும் வேண்டாம். கொரோனா, ரோட்டா, டிஸ்டெம்பர் மூன்றும் ஆர்.என்.ஏ வைரஸ்கள், முதலில் அவற்றை டி.என்.ஏ-வாக மாற்றும் படி தேவை, மாதிரியும் எளிதில் கெடும். ரோட்டாவின் 11 மரபணுத் துண்டுகளை ஜெல்லில் ஓட்டி வெள்ளிச் சாயத்தில் நேராகவே பார்க்கலாம். நாய் ரோட்டா அபூர்வமாக மனிதருக்கும் தாவியிருக்கிறது, ஆகவே குழந்தைகள் குட்டி மலத்தைத் தொட விடாதீர்கள். ஆஸ்ட்ரோ, கோபு, சர்க்கோ வைரஸ்கள் நலமான நாயிலும் தென்படும். அவை மட்டும் வந்தால் நோய்க்காரணம் என்று எழுதிவிட முடியாது. கொக்கிப்புழுவும் காக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணியும் இதே ரத்தக் கழிச்சலைத் தரும், அதற்கு ஒரு சொட்டு மலமும் நுண்ணோக்கியும் போதும்.

கூண்டைப் பினாயிலால் கழுவுவது வீண். மேல்சவ்வு இல்லாத இந்த வைரஸுக்கு அது எட்டாது. மண்ணில் மாதக்கணக்கில், நிழலில் ஓராண்டுகூட உயிர்த்திருக்கும். முதலில் சோப்பு நீரால் மலத்தை முழுக்கத் தேய்த்து அகற்றி, பிறகு 5 சதவீத பிளீச்சிங் திரவம் 1 பங்குக்கு 30 பங்கு நீர் கலந்து ஊற்றி 10 நிமிடம் ஈரமாகவே விடுங்கள். மலம் இருக்கும்போது ஊற்றினால் குளோரின் அதிலேயே செலவாகிவிடும். மண் தரையிலும் இதே கதை. அங்கே மேல்மண்ணை எடுத்துப் புதைத்துவிட்டு, ஊசி முடியாத புதுக் குட்டிகளைக் குறைந்தது ஓராண்டு வேறு இடத்தில் வளர்ப்பதே நல்லது.