விருப்பமும் இறந்தகால வினையும் – வாசகர் கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஆங்கில இலக்கணம் பற்றி நீங்கள் எழுதும் பதில்களைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். போட்டித் தேர்வுக்குப் படிக்கும்போது, ‘நான் மருத்துவராக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்’ என்ற பொருளில் ‘ஐ விஷ் ஐ ஆம் எ டாக்டர்’ என்று எழுதினேன். அது தவறு என்றும் ‘ஐ விஷ் ஐ வேர்’ என்பதே சரி என்றும் திருத்தினார்கள். இப்போது எழும் விருப்பத்தைச் சொல்ல இறந்தகாலம் எதற்கு? அப்படியே வந்தாலும், ‘ஐ’ என்பதற்கு ‘வாஸ்’ அல்லவா பொருந்தும்? கேட்டால் ‘அது சப்ஜங்டிவ்’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ‘வாஸ்’ என்று எழுதுவது பிழைதானா? ‘லாங் லிவ் தி கிங்’ என்பதும் இதே வகையைச் சேர்ந்ததா?

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

வணக்கம். ‘சப்ஜங்டிவ்’ என்பது, உள்ளதைக் கூறாமல் விருப்பம், ஐயம் போன்றவற்றைச் சொல்லும் வினைவடிவத்துக்கு இலக்கணத்தார் இட்ட ஒரு பெயர் மட்டுமே. பெயரைச் சொல்லிவிட்டால் விளக்கம் சொன்னதாகிவிடாது. உங்கள் முதல் கேள்விதான் அடிப்படையானது என்பதால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

ஆங்கிலத்தில் வினையின் இறந்தகால வடிவம் நடந்து முடிந்ததைச் சொல்வதற்கு மட்டும் உரியதன்று. சொல்லப்படும் செய்தி உண்மை நிலைக்கு மாறானது என்று காட்டவும் அதே வடிவம் பயன்படுகிறது. ‘ஐ விஷ் ஐ நியூ ஹர் நேம்’ என்பவருக்கு அந்தப் பெண்ணின் பெயர் இந்த நிமிடம் தெரியாது. அங்குள்ள ‘நியூ’ நேற்றைப் பற்றிப் பேசவில்லை. விரும்பியதே நேற்று என்றாலும், ‘ஹி விஷ்ட் ஹி நியூ ஹர் நேம்’ என்று ‘நியூ’ அப்படியே நிற்கும். அது உண்மையான இறந்தகாலமாக இருந்தால், விரும்பும் வினை பின்னுக்குப் போகும்போது இதுவும் ஒரு படி பின்னுக்குப் போயிருக்க வேண்டும். போகாமல் நிற்பதிலிருந்தே அதன் வேலை காலம் காட்டுவதன்று என்பது விளங்கும்.

இந்த வழக்கம் நமக்குப் புதிதுமன்று. ‘நாளை அவர் வந்தால் கேட்கிறேன்’ என்கிறோம். ‘வந்தான்’ என்பதில் உள்ள இறந்தகால இடைநிலைதான் ‘வந்தால்’ என்பதிலும் இருக்கிறது. ஆனாலும் அவர் வரப்போவது நாளைதான். ‘படித்தால்’, ‘போனால்’, ‘எழுதினால்’ என எதைப் பிரித்தாலும் இதுவே தெரியும். பழந்தமிழின் ‘வரின்’, ‘செயின்’ என்னும் வடிவங்களில் அந்த இடைநிலை இல்லை. பின்னர் வந்து நிலைத்த ‘செய்தால்’ என்பதில்தான் அது ஏறிக்கொண்டது. நிகழாத ஒன்றைச் சொல்ல இறந்தகால வடிவத்தை நாடும் பழக்கம் இரு மொழிகளுக்கும் பொது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

தமிழர் இடறும் இடம் வேறு. நம்முடைய ‘இருந்தால்’ நடக்கக்கூடியதற்கும் நடக்காததற்கும் ஒன்றேபோல் வரும். ‘அவர் வீட்டில் இருந்தால் பேசுகிறேன்’ என்பதும், ‘நான் மருத்துவராக இருந்தால் நன்றாக இருக்கும்’ என்பதும் வடிவத்தில் வேறுபடுவதில்லை. ஆங்கிலம் இவற்றைப் பிரித்துவிடுகிறது. நடக்கக்கூடும் என்று நம்பினால் ‘ஹோப்’. அதன்பின் நிகழ்காலமோ எதிர்காலமோ இயல்பாக வரும். உண்மை அப்படி இல்லை என்று அறிந்தே ஏங்கினால் ‘விஷ்’; அதன்பின் வினை ஒரு படி பின்வாங்கும். நடந்து முடிந்ததைப் பற்றிய ஏக்கமானால் இன்னும் ஒரு படி பின்வாங்கி ‘ஐ விஷ் ஐ ஹேட் நோன்’ என்றாகும். நாமும் அங்கே ‘தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்’ என்று இன்னொரு ‘இரு’வைச் சேர்த்துக்கொள்கிறோம். பிறர் மனம் வைத்தால் நடக்கும் செயலாக இருந்தால் ‘வுட்’ வரும்: ‘ஐ விஷ் யூ வுட் லிசன்’.

இனி ‘வேர்’. பழைய ஆங்கிலத்தில் உண்மையைக் கூறும் இறந்தகாலத்துக்கு ஒருமையில் ‘வாஸ்’ என்பதன் முன்வடிவமும், விருப்பம், ஐயம் போன்றவற்றுக்கு ஒருமையிலேயே ‘வேரெ’ என்பதுபோல் ஒலித்த தனி வடிவமும் இருந்தன. காலப்போக்கில் சொல்லீறுகள் தேய்ந்தபோது, மற்ற வினைகளில் இந்த வேறுபாடு அழிந்து இரண்டும் ஒன்றாகிவிட்டன. ‘இரு’ என்னும் பொருள் தரும் ‘பி’ என்ற இந்த ஒரு வினையில் மட்டும் அது பிழைத்திருக்கிறது. ஆகவே ‘ஐ வேர்’ என்பதில் பன்மை ஒருமையோடு தவறிச் சேரவில்லை. அது பழைய ஒருமை வடிவத்தின் வழித்தோன்றல்; பன்மை ‘வேர்’ அதனோடு ஒலியில் ஒன்றிவிட்டது. 2002இல் வெளியான கேம்பிரிட்ஜ் ஆங்கிலப் பேரிலக்கணத்தில் ஹடில்ஸ்டனும் புல்லமும் இந்த ‘வேர்’ வடிவத்தைச் சப்ஜங்டிவ் என்று அழைக்காமல் ‘இர்ரியாலிஸ்’ (உண்மையல்லாதது) என்று தனியாகக் குறித்தார்கள். பெயரிடுவதில் அறிஞர்களே வேறுபடும்போது, மாணவர் பெயரை மனப்பாடம் செய்வதால் பெரும் பயன் இல்லை.

‘வாஸ்’ பிழையா என்றால், பேச்சில் இல்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் பலர் ‘ஐ விஷ் ஐ வாஸ்’ என்றே இயல்பாகப் பேசுகிறார்கள். அவர்களைத் திருத்தப் புறப்படுவது வீண் வேலை. ஆனால் தேர்விலும் முறையான எழுத்திலும் ‘வேர்’ என்றே எழுதுங்கள். ‘ஐ விஷ் ஐ ஆம்’ என்பதோ எந்த வழக்கிலும் ஏற்கப்படாதது. உங்கள் விடையைத் திருத்தியது சரியே.

‘லாங் லிவ் தி கிங்’ என்பதும் சப்ஜங்டிவ்தான், ஆனால் வேறு கிளை. அங்கே இறந்தகால வடிவம் இல்லை. ஈறு எதுவும் ஏறாத வெறும் வினை நிற்கிறது. ‘காட் சேவ்ஸ் தி கிங்’ என்றால் கடவுள் அரசரைக் காக்கிறார் என்ற செய்தி. ‘காட் சேவ் தி கிங்’ என்றால் காப்பாராக என்ற வேண்டுதல். ஒரு ‘ஸ்’ நீங்கியதும் செய்தி வாழ்த்தாகிவிடுகிறது. இதற்கு நேர் இணை நம் வியங்கோள். ‘வாழ்க’ என்பது அவன், அவள், அவர், அது என எதனோடும் ஈறு மாறாமல் சேரும். இடத்துக்கும் பாலுக்கும் பொதுவானது என்று நன்னூலும் அதற்கு விதி வகுத்திருக்கிறது. ஆனால் நம் வியங்கோளை இன்றும் எந்த வினையிலும் புதிதாக ஆக்கலாம்: வருக, எழுதுக, வெல்க. ஆங்கிலத்திலோ வாழ்த்தாக வரும் இந்த வடிவம் பெரும்பாலும் உறைந்துபோய், 1611ஆம் ஆண்டு விவிலிய மொழிபெயர்ப்பின் ‘தை கிங்டம் கம்’ (உமது அரசு வருக) போன்ற பழந்தொடர்களில்தான் தங்கியிருக்கிறது. நீங்களாக ஒரு வாழ்த்தை எழுத விரும்பினால் ‘மே’ என்று தொடங்குங்கள்: ‘மே யூ சக்சீட்’.

அன்புடன்.