படிகத்தின் அதிர்வை நியூட்ரான் அளப்பது எப்படி?

கேள்வி: படிகத்தில் அணுக்கள் அமைந்திருக்கும் முறையை எக்ஸ் கதிர்களே காட்டிவிடுகின்றன. அவ்வாறிருக்க, அவற்றின் அதிர்வை அறிய அணு உலையிலிருந்து வரும் நியூட்ரான்களை நாடுவது ஏன்?

பதில்: அணுக்களின் இருப்பிடத்தை அறிய, அவற்றுக்கிடையேயான தொலைவை ஒத்த அலைநீளம் போதும், அது எக்ஸ் கதிருக்கு உண்டு. அதிர்வை அறிய ஆற்றலும் பொருந்தி வரவேண்டும். ஃபோனான் எனப்படும் அதிர்வுத் துணுக்கு ஒன்றின் ஆற்றல் பெரும்பாலும் சில பத்து மில்லி எலெக்ட்ரான் வோல்ட்டைத் (ஒரு மில்லி எலெக்ட்ரான் வோல்ட் என்பது எலெக்ட்ரான் வோல்ட் என்ற ஆற்றல் அலகில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தாண்டுவதில்லை. 0.1 நானோமீட்டர் அலைநீளமுள்ள எக்ஸ் கதிர்த் துகளுக்கோ சுமார் 12,400 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் உண்டு. அதில் சில லட்சத்தில் ஒரு பங்கு கூடியதா, குறைந்ததா என்று பார்ப்பது மிகக் கடினம். செறிவுமிக்க எக்ஸ் கதிர்களைத் தரும் முடுக்கிகளான இன்றைய சின்க்ரோட்ரான்களில் அதுவும் கைகூடியிருக்கிறது என்றாலும், நியூட்ரானுக்கு இந்தப் பொருத்தம் இயல்பிலேயே அமைந்துவிட்டது. அறை வெப்பநிலைக்குத் தணிக்கப்பட்ட நியூட்ரானின் அலைநீளம் சுமார் 0.18 நானோமீட்டர், ஆற்றல் சுமார் 25 மில்லி எலெக்ட்ரான் வோல்ட். ஆகவே ஒரே ஒரு ஃபோனானைக் கொடுத்தாலும் பெற்றாலும் அதன் வேகம் தெளிவாக மாறிவிடுகிறது.

இம்மாற்றத்தை அளப்பதற்கான மூவச்சு நிறமாலைமானியைக் கனடாவின் சாக் ரிவர் ஆய்வுக்கூடத்தில் 1950-களில் உருவாக்கியவர் பெர்ட்ரம் ப்ராக்ஹவுஸ். அதில் முதல் படிகம் ஒரே அலைநீளமுள்ள நியூட்ரான்களைப் பிரித்தெடுக்கிறது. நடுவில் ஆய்வுக்குரிய படிகம் நிற்கிறது. அங்கிருந்து சிதறி வருபவற்றின் ஆற்றலை மூன்றாவது படிகம் தெரிந்து சொல்கிறது. ஆற்றல் மாற்றம் அதிர்வெண்ணையும், உந்தமாற்றம் அதிர்வலையின் நீளத்தையும் திசையையும் தருவதால், அதிர்வெண்ணை அலைநீளத்தோடு இணைத்துக் காட்டும் ஒரு வரைகோடு புள்ளி புள்ளியாக உருவாகிறது. அவரும் இந்திய இயற்பியலாளர் பி. கே. ஐயங்காரும் ஜெர்மானியம் படிகத்துக்கு இவ்வாறு பெற்ற அளவீடுகள் 1958-ல் வெளியாயின. ப்ராக்ஹவுஸுக்கு நோபல் பரிசு கிடைத்ததோ 1994-ல்தான்!

அந்தக் கோட்டிலிருந்து அணுக்களுக்கிடையேயான விசைகளைக் கணக்கிடலாம். நீண்ட அலைகளுக்கான பகுதியில் அதன் சாய்வு ஒலியின் வேகத்தைத் தரும். இவற்றைவிட எனக்கு வியப்பளிப்பது ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் என்ற படிகம். அதைக் குளிர்வித்து 105 கெல்வினை நெருங்கும்போது ஒரு குறிப்பிட்ட அதிர்வின் அதிர்வெண் படிப்படியாகச் சரிகிறது. அவ்வெப்பநிலைக்குக் கீழே படிகத்தின் வடிவமே மாறிவிடுகிறது. அமைப்பு மாறப்போவதை அதிர்வு முன்கூட்டியே அறிவித்துவிடுகிறது.

கேள்வி: எந்தப் படிகத்தையும் இவ்வாறு ஆராய முடியுமா?

பதில்: முடியாது. நியூட்ரான்கள் பொருளோடு வலுவின்றியே வினைபுரிவதாலும், உலை தரும் கற்றை செறிவு குறைந்ததாக இருப்பதாலும், ஓரளவு பெரிய ஒற்றைப் படிகம் வேண்டும். காட்மியம், கடோலினியம் போன்றவை நியூட்ரான்களை விழுங்கிவிடும். ஹைட்ரஜன் உள்ள படிகங்களில் அதன் ஒழுங்கற்ற சிதறல் பின்புலமாக நிறைந்து, தேடும் குறியை மறைத்துவிடுவதால், ஹைட்ரஜனுக்குப் பதிலாக அதன் கனமான வகையான டியூட்டீரியத்தைச் சேர்த்தே அவற்றைப் பெரும்பாலும் வளர்க்கிறார்கள்.