செய்யாத செலவுக்குக் கடன் அட்டையில் பணம் போனால்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: வெள்ளிக்கிழமை இரவு என் கிரெடிட் கார்டிலிருந்து ஒரு வெளிநாட்டு இணையதளத்துக்கு 18,400 ரூபாய் போனதாகக் குறுஞ்செய்தி வந்தது. ஓடிபி எதுவும் வரவில்லை. திங்கட்கிழமை கிளைக்குப் போனபோது, “முதலில் எஃப்ஐஆர் கொண்டு வாருங்கள்” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கெடு முடிந்துவிட்டதா? (மதுரை வாசகர்)

பதில்: முடியவில்லை. உங்களுக்குத் தனியே உடனே எழுதிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே விரித்துச் சொல்கிறேன். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, தவறு வங்கியிடமும் இல்லாமல் உங்களிடமும் இல்லாமல் வேறெங்கோ நடந்திருக்கும்போது, செய்தி கிடைத்த நாளை விட்டுவிட்டு மூன்று வேலை நாட்களுக்குள் வங்கிக்குத் தெரிவித்தால், உங்கள் தலையில் ஒரு ரூபாய்கூட விழக்கூடாது. நான்காம் நாள் முதல் ஏழாம் நாள் வரை தெரிவித்தால், 5 லட்சம் ரூபாய் வரை வரம்புள்ள அட்டைக்கு அதிகபட்சம் 10,000 ரூபாயும், அதற்கு மேற்பட்ட வரம்புக்கு 25,000 ரூபாயும் உங்கள் பொறுப்பாகலாம். வெளிநாட்டு வணிகத் தளங்கள் பலவற்றில் ஓடிபி இல்லாமலே பணம் எடுக்க முடியும் என்பதால் இந்த வகைத் திருட்டு அங்கேதான் அதிகம் நடக்கிறது. தவறு உங்களுடையது என்று நிரூபிக்கும் கடமையும் வங்கிக்கே உரியது.

அந்த எஃப்ஐஆர் பேச்சுதான் என்னை நெடுநாளாகக் கொதிக்க வைக்கிறது. சுற்றறிக்கை கணக்கில் எடுப்பது நீங்கள் வங்கிக்கு அறிவித்த நேரத்தை. காவல் நிலையத்துக்குப் போய்வந்த நேரத்தை அல்ல. புகாரைப் பெற்றுக்கொண்டு எண் கொடுக்க வேண்டிய ஊழியர், ஒரு காகிதத்தைக் கேட்டுத் திருப்பி அனுப்பும்போது, ஏமாந்தவரின் மூன்று நாட்களில் ஒன்றைத் தின்றுவிடுகிறார். ஆகவே கிளை வாசலில் நிற்காதீர்கள். இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கும் வாடிக்கையாளர் எண்ணை அழைத்து அட்டையை முடக்கச் சொல்லி, புகார் எண்ணைக் கேட்டு வாங்கி, அதே விவரத்தை மின்னஞ்சலிலும் அனுப்பி வையுங்கள். காவல்துறைப் புகாரையும் கொடுங்கள், ஆனால் அது இரண்டாவது வேலை.

கேள்வி: வெறும் இரண்டு ரூபாய்தான் போயிருக்கிறது. விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள், அட்டை உயிரோடு இருக்கிறதா என்று திருடன் பார்க்கும் சோதனை அது. புதிய இணையக் கடை ஒன்றில் நான் வாங்கிய செருப்பு வந்து சேரவேயில்லை. சில நாள் கழித்து அதே அட்டையில் இப்படி ஒரு சிறு தொகை போனது. அன்றே அட்டையை முடக்கியதால் பெரிய தொகை எதுவும் போகவில்லை.

கேள்வி: நான்கு மாதங்களாக மாதம் 1,499 ரூபாய் போயிருக்கிறது. செல் எண் மாறிவிட்டது. ஸ்டேட்மெண்டை இப்போதுதான் திறந்தேன். முழுப் பணமும் கிடைக்குமா?

பதில்: உறுதி சொல்ல முடியாது. ஏழு வேலை நாட்கள் கடந்த புகாரை ஒவ்வொரு வங்கியும் தன் சொந்தக் கொள்கைப்படி முடிவு செய்யும். எண்ணை வங்கியில் மாற்றாமல், மாதந்தோறும் வரும் கணக்கையும் திறக்காமல் இருந்துவிட்டு, முழுத் தொகையையும் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

கேள்வி: வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்னவனிடம் என் அம்மா ஓடிபியைச் சொல்லிவிட்டார். அழுதுகொண்டே இருக்கிறார்.

பதில்: அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள், இதையே தொழிலாகச் செய்பவர்கள் படித்தவர்களையும் ஏமாற்றுகிறார்கள். ரகசிய எண்ணைப் பகிர்ந்தபின் போன தொகை, புகார் கொடுக்கும் வரை, வாடிக்கையாளர் பொறுப்பு என்பதே விதி. புகாருக்குப் பிறகு போவது வங்கியின் பொறுப்பு. ஆகவே முதலில் வங்கிக்குச் சொல்லி அட்டையை முடக்குங்கள். அடுத்த அழைப்பு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு. பணம் திருடன் கைக்குப் போய்ச் சேரும் முன் தடுத்து நிறுத்த இன்னும் வாய்ப்பிருக்கலாம்.

கேள்வி: புகார் கொடுத்த தொகையையும் சேர்த்தே பில் வந்திருக்கிறது. கட்ட வேண்டுமா?

பதில்: நீங்கள் செய்த செலவை மட்டும் கெடுவுக்குள் கட்டி, மீதி மோசடித் தொகை என்பதைப் புகார் எண்ணுடன் எழுதித் தெரிவியுங்கள். மோசடி என்று புகார் செய்த தொகைக்கு, தீர்வு வரும்வரை கட்டணம் விதிக்கக்கூடாது. அறிவித்த 10 வேலை நாட்களுக்குள் வங்கி அத்தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். 90 நாட்களுக்குள் புகாரை முடிக்க வேண்டும். முப்பது நாட்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்கத் தக்கதாக இல்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையம் வழியே இலவசமாக முறையிடலாம்.