அரசு நடத்திய வன்முறையின் நினைவு எப்படி ஒரு நாட்டை உருவாக்கும்?

அரசின் கையால் நேர்ந்த கொடுமையை, அதை நேரில் பார்க்காதவர்களும் தங்களுக்கே நடந்ததாகச் சுமப்பதைத்தான் கூட்டு நினைவு என்கிறோம். வங்கதேசம் இதற்கு நல்ல உதாரணம்.

அப்போது அது பாகிஸ்தானின் கிழக்குப் பகுதியாக இருந்தது. பாகிஸ்தான் மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வங்காளம் பேசியும், உருது மட்டுமே அரசு மொழி என்றார்கள் ஆட்சியாளர்கள். எதிர்த்த மாணவர்கள் மீது 1952 பிப்ரவரி 21 அன்று டாக்காவில் போலீஸ் சுட்டது. இறந்தவர்களுக்காக மருத்துவக் கல்லூரி மாணவர்கள் ஒரே இரவில் நினைவுத்தூண் எழுப்பினார்கள். சில நாட்களில் போலீஸ் அதை இடித்தது. பிறகு எழுந்த ஷாஹீத் மினார் என்ற தியாகிகள் நினைவுச்சின்னத்தை 1971-இல் பாகிஸ்தான் ராணுவம் தகர்த்தது. ஒரு தூணுக்கு ஏன் இவ்வளவு பயம்? அங்கே கூடுகிறவர்கள் 'நாம்' என்று உணர்ந்துவிடுவார்கள் என்பதால்தான்.

நம் வீட்டுத் திதி மாதிரிதான் இது. கொள்ளுத்தாத்தாவைப் பார்த்தே இராத பேரப்பிள்ளையும் படையல் போடும்போது அவர் கதையைக் கேட்டு, தான் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துகொள்கிறது. டாக்காவில் இன்றும் பிப்ரவரி 21 அன்று செருப்பில்லாமல் நடந்து வந்து பூ வைக்கிறார்கள்.

ஆனால் மொழியைச் சுற்றிக் கட்டிய அந்த 'நாம்' சக்மா போன்ற பழங்குடிகளை வெளியே நிறுத்தியது. இதையும் மறைக்கக் கூடாது.

அப்புறம், 1952-லேயே தனிநாடு கேட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. வங்காளமும் அரசு மொழியாக வேண்டும் என்றுதான் கேட்டார்கள். 1956 அரசியலமைப்பு அதை ஏற்றது. தனிநாடு 1971-இல்தான் பிறந்தது.