வாசகர் கேள்வி – பதில்: நிலக்கரிச் சுரங்கமும் நம் ஊர்க் கிணறும்

கேள்வி: சம்பூரில் நிலக்கரி மின்நிலையம் வந்திருந்தால், சுரங்க விபத்துகளும் நம் பக்கம் வந்திருக்குமா? (வாசகர், சம்பூர்)

பதில்: இல்லை. 2016இல் கைவிடப்பட்ட அந்தத் திட்டம் கப்பலில் வரும் கரியை எரிப்பதற்கானது. இலங்கையில் நிலக்கரிச் சுரங்கம் கிடையாது. போகலயிலும் கஹட்டகஹவிலும் ஆழத்தில் வெட்டுவது பென்சிற்கரி (கிரஃபைட்).

கேள்வி: சுரங்கம் வெடித்தால் ஆட்கள் தீயிலா சாகிறார்கள்? (வாசகி, கிண்ணியா)

பதில்: தீயும் அதிர்ச்சியும் கொல்லும். அவற்றுக்குத் தப்பியவர்களையும், அரைகுறையாக எரியும்போது உண்டாகும் மணமற்ற நஞ்சு வாயுவான காபனோரொட்சைட்டு கொல்லும். கரிப் படைக்குள் அடைபட்ட மெதேன் என்ற எரிவாயு, வெட்டும்போது வெளிவருகிறது. காற்றில் அது 5 முதல் 15 வீதம் வரை இருந்தால் ஒரு பொறி போதும். 15ஐத் தாண்டினால் வெடிக்காதுதான். ஆனால் புதுக்காற்று கலந்ததும் மறுபடி அந்த எல்லைக்குள் இறங்கிவிடும். வெடிப்பு, தரையில் படிந்த கரித்தூசைக் கிளப்பிவிட, அந்தத் தூசும் பற்றிப் பாதை நெடுக ஓடும். 1906இல் பிரான்சின் கூரியேரில் 1,099 பேரைப் பலிகொண்டது கரித்தூசு வெடிப்புத்தான். பாதைகளில் சுண்ணாம்புக்கல் தூளைத் தூவுவது இதற்காகத்தான்: அது கரித்தூசோடு சேர்ந்து கிளம்பி வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும்.

வெடிப்பில் தப்பிய தொழிலாளி, இடுப்புப் பட்டியில் தொங்கும் உயிர்காப்புப் பெட்டியைத் திறந்து, வாய்க்குழாயைக் கடித்து, மூக்கைக் கிளிப்பால் அடைத்துக்கொண்டு வெளியேற வேண்டும். சுற்றியுள்ள காற்றையே வடிகட்டித் தரும் பெட்டி வகையில், காபனோரொட்சைட்டு காபனீரொட்சைட்டாக மாறும்போது இழுக்கிற காற்று சுடும். சூடு தாங்காமல் குழாயைத் துப்பினால் அடுத்த மூச்சு நஞ்சு. சுடுகிறது என்றால் வடிகட்டி வேலை செய்கிறது என்று பொருள். பேசுவதற்குக்கூட அதைக் கழற்றக் கூடாது. ஒட்சிசன் குறைந்த இடத்தில் இந்த வகை உதவாது. அங்கே ஒட்சிசனைத் தானே தரும் பெட்டி வேண்டும்.

கேள்வி: கூரை இடிந்து ஒருவரின் கால் பாறைக்கடியில் மாட்டினால் உடனே இழுத்தெடுக்கலாமா? (வாசகர், மூதூர்)

பதில்: முதலில் தலைக்கு மேலே பாருங்கள். உதவப் போனவர் மேல் இரண்டாவது இடிவு விழுவது வழக்கம். முட்டுக் கொடுத்த கூரைக்குக் கீழே நின்றபடி, இரும்புக் கோலால் மேற்பாறையைத் தட்ட வேண்டும். ‘டண்’ என்றால் இறுக்கம். பறை போல வெற்றொலி வந்தால் பாறை பிரிந்து நிற்கிறது. தடித்த பாறை பிரிந்திருந்தாலும் ‘டண்’ என்று ஏமாற்றக்கூடும் என்பதால், தட்டும்போதே மற்றக் கையின் விரல் நுனியைப் பாறையில் வைத்து அதிர்வையும் பார்ப்பார்கள்.

மாட்டிச் சில நிமிடங்கள்தான் என்றாலோ, நெஞ்சு நசுங்கி மூச்சு முட்டினாலோ உடனே தூக்குங்கள். ஒரு மணி நேரம் கடந்திருந்தால் பொறுங்கள். நசுங்கிய தசையில் தேங்கிய பொட்டாசியம், பாரம் நீங்கியதும் இரத்தத்தில் பாய்ந்து இதயத்தை நிறுத்திவிடும். பிறகு சிறுநீரகமும் பழுதாகும். பாரத்தைத் தூக்குமுன்பே மருத்துவ உதவியாளர் சேலைன் ஏற்றத் தொடங்க வேண்டும். மாட்டிய நேரத்தைக் குறித்துக் கொடுங்கள்.

கேள்வி: கிணறு இறைக்க இறங்கியவர்கள் மயங்கி விழுகிறார்களே, அதுவும் இதே வாயுவா? (வாசகர், உப்புவெளி)

பதில்: பம்ப் கிணற்றுக்குள் ஓடியிருந்தால் பெரும்பாலும் அதே காபனோரொட்சைட்டுத்தான். மேலே வைத்த பம்ப் சுமார் 7 மீற்றருக்குக் கீழிருந்து தண்ணீரை உறிஞ்சாது. அதனால் கோடையில் நீர் இறங்கியதும் மண்ணெண்ணெய்ப் பம்பையே கிணற்றுக்குள் இறக்குகிறார்கள். புகை மேலே போக வழியில்லை. மெழுகுவர்த்தியை இறக்கிப் பார்க்கும் பழக்கத்தை நம்ப வேண்டாம். ஒட்சிசன் நன்றாகக் குறைந்தால் சுடர் அணையும். ஆளைக் கொல்லும் அளவு காபனோரொட்சைட்டு இருந்தாலும் அது அணையாது. சுரங்கத்தில் விளக்கு இருந்தும், மனிதருக்கு முன்பே இந்த வாயுவில் மயங்கிவிடும் கனேரிக் குருவியைக் கொண்டுபோனது இதனால்தான். பிரித்தானியாவில் அந்த வழக்கம் 1986 வரை இருந்தது.

ஆழக் கிணற்றுக்கு நீரில் மூழ்கும் மின்பம்பைப் பயன்படுத்துங்கள். மின்சாரத்தை நிறுத்திய பிறகே ஆள் இறங்கலாம். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் அண்ணன், தம்பி என்று பின்னால் குதிக்க வேண்டாம். அப்படித்தான் ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேர் போகிறார்கள். 110க்கும் (தீயணைப்பு) 1990க்கும் (அம்புலன்ஸ்) அழைத்து, காற்றூதும் இயந்திரத்தின் குழாயை அடிவரை விட்டுக் காற்றடியுங்கள். அடுத்த முறை இறங்குபவருக்கு உடற்பட்டியும் கயிறும் கட்டி, மேலே இருவர் பிடித்திருக்க வேண்டும்.

வைத்தியசாலையில் ‘பம்ப் புகை பட்டது’ என்று முதலிலேயே சொல்லுங்கள். விரலில் மாட்டும் ஒட்சிசன் மானி, காபனோரொட்சைட்டு ஏறிய இரத்தத்தையும் நல்ல இரத்தமாகவே காட்டும். சிலரின் தோலும் சிவந்து நலமாகத் தெரியலாம்.